நூற்றிருபதாம் நாள்

எஸ்கிஷெஹிரில் ஜனவரி.
கூட்ட அறைச் சுவரில் எண்கள் எல்லாம் பச்சை.
அதில் ஒரு பச்சை என்னுடையது:
சப்ளையருக்குப் பணம் தர நூற்றிருபது நாள்.
அறுபதாக இருந்ததை
ரப்பரை இழுப்பதுபோல் இழுத்து நீட்டியவள் நான்.
கைதட்டி ஒரு பேனா பரிசளித்தார்கள்.
அது எழுதவில்லை.

கூத்தாஹ்யாவில் செலாமி
குளிர்பெட்டிக் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் விளிம்பைப்
பிழிந்தெடுப்பவர்.
பதினான்கு ஆட்கள், இரண்டு இயந்திரம்,
சூடான குழாயை ஒட்டியே படுத்திருக்கும் ஒரு பூனை.
காசோலையை வாங்கினால்
தொகையைப் பார்க்கமாட்டார், தேதியைத்தான் பார்ப்பார்.
'நில்குன் ஹனும், மே மாதத்தில் இது எத்தனை ரொட்டி?'
நான் சிரிப்பேன்.
லிரா அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.
குளிர்பெட்டி செய்யும் கம்பெனியிலிருந்து
வழியிலேயே உருகிவிடும் பனிக்கட்டியைப்
பொட்டலம் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கிடங்கில் ஒன்பது நாள் சரக்கு இருந்தது.
'உறங்கும் பணம்' என்றார் இயக்குநர் அல்பாய்.
எழுப்பிவிட்டோம்.
ஒன்பது நாள் மூன்றானது,
மூன்று, ஆறு மணிநேரமானது.
கிடங்குக்காரி ஹாஜர்
காலி அடுக்கில் சாக்கட்டியால் எழுதிவைத்தாள்:
இங்கே ரப்பர் இருந்தது.
அழிக்கச் சொல்லி மின்னஞ்சல் போட்டதும் நான்தான்.

பிப்ரவரியில் ஒரு வியாழன். பத்து நாற்பது.
லாரி வரவில்லை.
பனி என்று நினைத்தேன்.
சாலை திறந்துதான் இருந்தது.
போனை எடுத்தது செலாமியின் மகள், கணக்கு பார்க்கும் பெல்கீஸ்.
'ஒரு இயந்திரம் இப்போது பூர்சாவுக்கு ஓடுகிறது,
கார்க் கண்ணாடி விளிம்பு.
அவர்கள் முப்பது நாளில் தந்துவிடுகிறார்கள்.
மற்றது பழுது. உதிரிபாகம் வாங்க
உங்கள் காசோலை மே மாதம்தான் பணமாகும்.
கவலைப்படாதீர்கள், சரக்கை அனுப்பிவிடுவோம்,'
குரலில் கோபமே இல்லை,
'நூற்றிருபதாம் நாள்.'

ஓர் ஆலை நிற்கும் ஓசை எனக்கு முன்பு தெரியாது.
பெரிய சத்தம் இல்லை அது.
எப்போதும் காதிலிருந்த ஒன்று காணாமற்போகும்,
பிறகு எங்கோ யாரோ இருமுவது கேட்கும்.
கதவில்லாத இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்
வரிசையில் வாய் பிளந்து நின்றன.
மாலை ஷிப்டுக்கு வரவேண்டாமென்று
குறுஞ்செய்தி போனது; கூலியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.
கதவு பூட்டும் குல்பெரி
ஸ்டூலில் உட்கார்ந்து தேநீரைப் பிடித்திருந்தாள்.
கட்டைவிரல் மட்டும்
இல்லாத விளிம்பை இல்லாத பள்ளத்தில்
அழுத்திக்கொண்டே இருந்தது.

போலந்திலிருந்து விமானத்தில் வந்தது ரப்பர்,
மூன்று நாள் கழித்து.
ஓராண்டு நான் மிச்சம்பிடித்ததெல்லாம்
அதன் கட்டணத்துக்கே காணவில்லை.
அதற்குள் கோன்யா வியாபாரி
எழுபது பெட்டியை வேறிடத்தில் வாங்கிவிட்டார்.

மாதக்கடைசியில் பலகை:
உற்பத்தி சிவப்பு.
சொன்ன நாளில் டெலிவரி, சிவப்பு.
கடன்தவணை மட்டும் பச்சைப்பசேல்.
யாருக்கும் அது விநோதமாகத் தெரியவில்லை.
எனக்குத்தான் பார்க்கக் கூசியது.

அல்பாயோடு மூன்று கூட்டம், ஒரு சண்டை.
பிறகு கூத்தாஹ்யா பேருந்தில் நான்,
கைப்பையில் அன்றைய தேதியிட்ட காசோலை.
செலாமி முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.
திருப்பிப் பார்த்தார்.
தொகையை, முதல்முறையாக, வாய்விட்டுப் படித்தார்.
பிறகு சொன்னார்:
பூர்சாவுக்குக் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.
பழுதானது சரியானால்
வாரத்தில் நான்கு இரவு உங்களுக்கு.

நான் ஐந்து கேட்டேன். பழக்கம்.
நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள்
அவர் சிரித்துவிட்டார்.
பூனை எழுந்து
ஆறிப்போன குழாயை ஒருமுறை முகர்ந்துவிட்டு
பூர்சா இயந்திரத்தின் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.