உள்விளிம்பு

நூற்றுப் பத்தைத் தாண்டினால்
ஸ்டீயரிங் லேசாக நடுங்கும்.
இரண்டு வருடமாக
ஐஃபல் மலைச் சாலைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய். மழை.
ரொட்டி அடுப்பை அணைத்துவிட்டு
மாவு ஒட்டிய சட்டையோடே டயர் கடைக்கு வந்தேன்.
திருமதி பெஷ் காரை ஒருமுறை சுற்றி வந்தார்.
கடைவாய்ப் பல் பார்ப்பவர்போலக் குனிந்து
டயர் இடுக்கில் ஒரு யூரோக் காசைச் செருகினார்.
"ஆழம் இருக்கிறது."
பிறகு நகத்தால் அழுத்தினார்.
"பிடிப்பு இல்லை."

பக்கச் சுவரில் நான்கு இலக்கம்: 3114.
இரண்டாயிரத்துப் பதினாலு, முப்பத்தோராவது வாரம்.
ரப்பருக்கும் பிறந்த தேதி உண்டென்று
ஐம்பத்தொரு வயதில்தான் எனக்குத் தெரிகிறது.
ஓடாமல் சும்மா நின்றாலும் இறுகிப்போகுமாம்.
என் முழங்கால்களை நினைத்துக்கொண்டேன்.

சுவரில் மாட்டியிருந்தது அந்தப் பத்தொன்பது அங்குலம்.
வெண்கல நிறம், ஒல்லி ஒல்லியாய்ப் பத்து ஆரங்கள்.
என்னைக் கேட்காமலே கை
பர்ஸைத் தொட்டுப் பார்த்தது.

அவர் கணக்கில் இறங்கினார்.
ஐந்து துளை, நூற்றுப் பன்னிரண்டு.
ஆஃப்செட் முப்பத்தைந்து.
பத்து மில்லிமீட்டர் வெளியே தள்ளினால் மட்கார்டில் உரசும்,
உரசாவிட்டாலும் சோதனை அதிகாரி விடமாட்டார்,
அவருக்குத் தாள் வேண்டும்,
தாளுக்கு முத்திரை வேண்டும்.
"அழகுக்குப் பத்தொன்பது. பள்ளத்துக்குப் பதினேழு.
நீங்கள் எதன்மேல் அதிகம் போகிறீர்கள்?"

யோசிக்க அவகாசம் கேட்டேன்.
அதற்குள் பழைய சக்கரம் ஒன்றைக் கழற்றி,
பழக்கதோஷம்தான்,
பாலன்ஸ் மிஷினில் ஏற்றிச் சுழற்றினார்.
வெளிப்பக்கம் துடைத்த வெள்ளித் தட்டு.
மிஷின் மட்டும் குளிர்க் காய்ச்சல் வந்ததுபோல உதறியது.

நிறுத்தித் திருப்பினார்.
உள்விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மடிப்பு.
சுத்தியலால் நிமிர்த்திய தழும்புகள்.
மேலே, அக்கறையாக, ஒரு பூச்சு பெயின்ட்.
"இது பள்ளம் செய்தது இல்லை" என்றார்.
"நடைபாதைக் கல். பக்கவாட்டில். நல்ல வேகம்."

காரை விற்றவன் ஃபோல்க்மார். என் மனைவியின் தம்பி.
"விபத்தே காணாத வண்டி" என்று
தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டவன்.
உறவென்பதால் ஆயிரம் யூரோ குறைத்தவன்.
அந்த ஆயிரத்துக்கு நன்றியாக
சனிக்கிழமைதோறும் ஒரு கம்பு ரொட்டி கொடுத்துவந்தேன்.
திருமதி பெஷ் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
நான் மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன்:
நூற்று நான்கு ரொட்டி.

பதினேழு என்றேன்.
சாம்பல் நிறம், விலாசமில்லாத முகம்.
ஈரத்தில் பிடிப்பு ஏ. இரைச்சல் எழுபத்தொன்று.
போல்ட்டுகளை நட்சத்திரம் வரைவதுபோல
ஒன்றுவிட்டு ஒன்றாக முறுக்கி,
"முதல் முந்நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள்,
புதுசும் வழுக்கும்" என்று பில்லை நீட்டினார்.
வளைந்த சக்கரத்தைப் பழைய இரும்பில் போடவா என்றதற்கு
வேண்டாம், வேலை இருக்கிறது என்றேன்.

முந்நூற்றொன்றாவது கிலோமீட்டரில்
நூற்றுப் பத்தைத் தொட்டேன்.
ஸ்டீயரிங் அசையவில்லை.
நூற்றிருபது. இல்லை.
கண்ணாடியில் பின்னோக்கி ஓடும் சாலையிடம்
ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவேண்டும்போல் இருந்தது.
சாலைக்கு என் பாஷை தெரியாது.
அது வளைந்தது, நானும் வளைந்தேன்.

சனிக்கிழமை ஃபோல்க்மார் வந்தான்.
காரைப் பார்த்து, பதினேழு அடக்கமாக இருக்கிறது என்றான்.
பிறகு தோட்டச் சுவரைப் பார்த்தான்.
அங்கே அவன் சக்கரம், உள்பக்கம் வெளியே தெரிய,
பச்சை ரப்பர் குழாயைச் சுற்றிக்கொண்டு தொங்கியது.
காபியை முடிக்க அவனுக்கு நெடுநேரம் பிடித்தது.
வானிலையைப் பற்றி இருவரும் ஒத்துப்போனோம்.

எழுந்தபோது, வழக்கம்போல, மேஜைமேல் இருந்த
ரொட்டிப் பையை நோக்கிக் கை நீண்டது.

மூன்று யூரோ எண்பது, என்றேன்.

அவன் சில்லறையை
ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான்.