அறுபதாம் நாள்

பெர்கனில் மழை.
எழுதத் தேவையில்லாத செய்தி.

நிலத்தடி அறையில், இளஞ்சூட்டுத் தண்ணீரில்
விரற்கணு நீள மீன்கள்,
நீல வரிச் சட்டை போட்டவை.
பதினான்காம் தொட்டியிலிருந்ததை மயக்கி
ஈரப் பஞ்சின் பிளவில் மல்லாத்தினேன்.
எள்ளளவு இதயம்.
அதன் நுனியில் ஐந்தில் ஒரு பங்கைக்
கத்தரித்து எடுத்தேன்.
நூலாய் ஓடிய ரத்தம் தானே நின்றது.
தண்ணீரில் விட்டதும்
கொஞ்சம் சாய்ந்து
கொஞ்சம் யோசித்து
நீந்திற்று.

தீனி போடுகிறவர் ஹால்வர்.
முன்பு காட் மீன் படகில் இருந்தவர்.
வலைக்கயிறு இழுத்து ஒருமுறை தோள்சதை கிழிந்ததாம்.
அது ஆறிவிட்டது.
தசைநாரின் ஓரத்தில் சில செல்கள் தூங்கிக்கொண்டிருக்கும்,
கிழிகிற சத்தத்துக்கு எழுந்துவந்து
தாமே நூலாகித் தைத்துவிடும் என்றேன்.

"அப்போ இங்கே?"
சட்டைப்பையைத் தட்டினார்.
போன குளிர்காலத்தில் அடைத்துக்கொண்ட இடம்.

அங்கே எழுந்துவர அப்படி யாரும் இல்லை.
விரிசலில் சிமென்ட் பூசியது போல வடு.
தாங்கும், துடிக்காது.

"மீனுக்கு?"

மீனுக்கு, வெட்டுக்குப் பக்கத்துத் தசைசெல்கள்
முறுக்கைத் தளர்த்துகின்றன.
கட்டிய வரிசையைக் கலைத்துவிட்டு
சின்னவையாகி
இரண்டாகப் பிரிகின்றன,
மற்றவை துடித்துக்கொண்டிருக்கையிலேயே.

அன்றிலிருந்து பதினான்குக்கு
ஒரு சிட்டிகை கூடுதல் தீனி.
நான் பார்த்தும் பார்க்கவில்லை.
பதிவுத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

அறுபதாம் நாள்
கண்ணாடித் தகட்டில், வெங்காயத் தோலினும் மெல்லிய சீவல்கள்.
வடு இருந்தால் நீலம் ஏறும் சாயம்.
எங்கும் ஆரஞ்சு.
என் கத்தரி போன தடத்தை
அழித்த கையெழுத்தைத் தேடுவது போலத் தேடினேன்.
கிடைக்கவில்லை.

"ஆறிடுச்சா?"
ஆறிடுச்சு.
"எங்கே அது?"

தகட்டைக் காட்டினேன்.
ஆறியதா என்று பார்க்க
நிறுத்தித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.
இதை நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு
நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார்,
கடலைப் பார்க்கிறவர் மாதிரி.

பிறகு தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.
பதின்மூன்று. பதினைந்து.
நடுவில் ஒருமுறை நின்று
விரல்நுனியில் மிஞ்சியதைப் பார்த்தார்.
டப்பாவிலேயே திரும்பத் தட்டினார்.

ஈரக் கோட்டை மாட்டிக்கொண்டு
படியேறினார்.
மூன்றாம் படியில் நின்று
ஒரு மூச்சு.