ஜெபக் கடிதம், இரண்டாம் காலாண்டு

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களுக்கு
என்று எப்போதும்போலத் தொடங்குகிறேன்.
கதிரவெளியில் இப்போது கச்சான் அடிக்கிறது.
முதல் வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டதும்
கடலை விற்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று
சில்லறையோடு வாசலுக்கு ஓடினேன்.
காற்று. வெறும் காற்று.
கொடியில் போட்ட துணி பத்து நிமிஷத்தில் அப்பளம்.
இதே ஆனியில் இதே காற்றுதான்
எங்கள் பக்கம் குற்றாலத்தில் சாரலாய் இறங்கும்.
இங்கே வருவதற்குள்
நடுவிலிருக்கும் மலைகள்
ஈரத்தை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்கின்றன.

இதை எழுதாதே என்கிறார் ஆசீர்.
"முறுமுறுக்க மாதிரி இருக்குல்லா."

சரி.
தேவ கிருபையால் ஓலைக் கொட்டிலுக்குத் தகரம் போட்டாயிற்று.
ஞாயிறுகளில் ஒன்பது குடும்பங்கள்.
கரைவலை இழுக்கிற நாளென்றால் நான்கு.

நாசரேத்திலிருந்து வந்திருக்கிறோம் என்றதும்
கடைக்காரர் கதிராமத்தம்பி எழுந்தே நின்றுவிட்டார்:
"இயேசுட ஊரா?"
ஆசீர் ஈர்க்கை எடுத்து மண்ணில்
தூத்துக்குடி மாவட்டம் வரைந்து முடிப்பதற்குள்
ஒரு சீப்பு வாழைப்பழத்துக்குச் சல்லி வேண்டாமென்று சொல்லியாயிற்று.
கொஞ்சம் கூச்சத்தோடுதான் தின்றோம்.
தோலை உரிக்கும்போதெல்லாம் சிரிப்பு வந்தது.
இதை எழுதலாம். ஆனால்
காணிக்கை அனுப்புகிறவர்கள் சிரிப்பார்களா தெரியவில்லை.

பிள்ளைகள் சுகம். ஒரே வரி.
போன விடுமுறையில் அனுப்பின சபையின் மேடையில்
பெனினாவை நிறுத்தினார்கள்.
அங்கே உனக்கு என்ன பிடிக்கும், பாப்பா?
மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
"இறால் ஆணம். மறுகா ஆத்தில குளிக்கிற."
கோயில் முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை.
அன்று காணிக்கைப் பைகள் கனத்தன.
இரவு என் காதோடு கேட்டாள்:
"நான் சொன்னதுல என்னம்மா பிழை?"
தப்பு என்று சொல்லணும், என்றேன்.
திருத்தியிருக்க வேண்டாம்.

அடுத்த வரி அவருடைய கையெழுத்து.
"சகோதரிக்குச் சற்றே சரீர பலவீனம். கர்த்தர் எழுப்பினார்."
அதற்குக் கீழே பேனா வெகுநேரம் நின்ற மைப்புள்ளி.

வைகாசி. அவர் கொழும்பில்,
விசாவுக்கு, கோப்பும் கையுமாக, மூன்றாவது வரிசையில்.
பக்கத்து வளவுத் தங்கநேசம்
தம்பியின் ஓட்டோவில் என்னை ஏற்றி
வாகரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.
ராமுழுக்க என் முதுகைத் தடவிக்கொண்டு
"கிறுகிப் படுகா, கிறுகிப் படுகா" என்றாள்.
கிறுகு என்றால் திரும்பு.
ஐந்து வருஷமாகத் தெரியாத சொல்
அன்று தெரிந்தது.
ஏழு மாசத்துப் பையனை
தன் புதுச்சேலையைக் கிழித்துச் சுற்றினாள்.
அந்தச் சேலை குளிர்த்திக்கு எடுத்தது.
துடக்கு என்று அவ்வருஷம் அவள்
அம்மன் வாசலை மிதிக்கவே இல்லை.
யாரிடமும் அதைச் சொல்லவும் இல்லை.
தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் வந்திறங்கினார் ஆசீர்.
பிரசங்க பீடத்துக்கு வாங்கிய பலகையை
தானே அறுத்தார், தானே ஆணி அடித்தார்.
இன்றுவரை மேசைக்குப் பின்னால் நின்றுதான் பிரசங்கம்.
பீடம் என்ன ஆயிற்று என்று
சபையில் ஒருவரும் கேட்கவில்லை.

ஸ்தோத்திரம் என்ற தலைப்பின் கீழ்
தகரத்துக்கும் விசாவுக்கும் அடுத்து எழுதினேன்:
தங்கநேசம்.

"யாருன்னு கேப்பாங்களே" என்றார்.
"கேக்கட்டும்."
"சபைக்கு வாறவங்கன்னு நெனச்சிருவாங்க."
"வரலன்னு எழுதுங்க."
பேனாவின் மூடியைக் கழற்றினார். மூடினார்.
மறுபடி கழற்றினார்.

வேலிக்கு அப்பால் அவள் குரல்:
"கதவச் சாத்துகா புள்ள, வீடெல்லாம் மண்!"

எழுந்து போய்ச் சாத்தினேன்.
திரும்பி வந்தபோது
தாள் பறக்காதபடி
அந்தப் பெயரின்மேல் இருந்தது
அவர் உள்ளங்கை.