அரை லீற்றர்

எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிடுகிறது
அவருடைய குரல்.
"அவனோ? பெக்கோ நல்லா ஓட்டுவான்.
டீசலை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ."
அவ்வளவுதான்.
ஏசியிருக்க மாட்டார், சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பார்
சபாநடேசன் முதலாளி.
சம்பளம் கேட்டாலும் அதே சிரிப்பு.

ஒட்டுசுட்டானில் தேத்தண்ணி தந்தார்கள், வேலை தரவில்லை.
முழங்காவிலில் தேத்தண்ணியும் இல்லை.
துணுக்காயில் ஒரு பெடியன்
என்னைப் பார்த்தபடியே
தன் மோட்டார்சைக்கிளின் பெற்றோல் மூடியை
ஒருக்கால் திருகிப் பார்த்தான்.

எடுத்தனான்.
ஒரேயொரு தரம்.
சோடாப் போத்தலில் அரை லீற்றர்.
மகளின் சைக்கிள் செயின் துருவேறி இறுகிக் கிடந்தது,
கழுவ.
அந்த அரை லீற்றர்தான் என் வாயை அடைக்கிறது.
"ஒரு சொட்டும் தொடாதவன்" என்று
நெஞ்சிலடித்துச் சொல்ல வாயெடுத்தால்
தொண்டைக்குள் டீசல் மணக்கிறது.
அவரோ அதைப் பரலாக்கி, பவுசராக்கி
கண்டி வீதி நீளத்துக்கும்
ஊற்றிக்கொண்டு போகிறார்.

அவர் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.
புதுக்குடியிருப்புப் பக்கம், வாய்க்கால் வெட்டு.
மூன்றாம் நாள் பின்னேரம்
வாளிப் பல்லில் ஒரு துணி.
துணிக்குள்...
எஞ்சினை நிறுத்தினேன்.
"மூடிப்போட்டு அங்கால வெட்டடா" என்றார்.
திறப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு
கிராம சேவையாளர் வீட்டுக்கு நடந்தேன்.
பத்தொன்பது நாள் வேலை நின்றது.
கொந்தராத்து வேறாளுக்குப் போனது.
என் மூன்று மாதச் சம்பளம்
இன்னும் அவரிடம்தான்.

இதை அவர் ஒருவருக்கும் சொல்வதில்லை.
நானும்தான்.
துணிக்குள் கிடந்ததை
வேலை கேட்கப் போகுமிடத்தில்
நற்சான்றிதழாக நீட்டுவதோ?

மல்லாவியில் தவமலர் அக்கா எடுத்தா,
கிறவல் ஏற்றுகிற வேலைக்கு.
கோல் அவவுக்கும் வந்ததாம்.
"கள்ளனெண்டு சொல்லுறாங்கள். எவ்வளவு கள்ளன்?"
"அரை லீற்றர், அக்கா."
அவ சிரிக்கேல்லை.
அடுத்த நாள் டாங்கி மூடிக்கு ஒரு பூட்டு.
திறப்பு அவவின் கைப்பைக்குள்.

நாலு மாதம்.
விடிய அவ திறக்க வரும்போதெல்லாம்
நான் டயரில் ஏதோ பார்ப்பேன்.
ஓடின மணித்தியாலம், அடித்த லீற்றர், திகதி.
கொப்பியில் எழுதிக் கையெழுத்தும் வைப்பேன்.
ஒருவரும் கேட்காத கொப்பி.

நேற்று அவ வவுனியாவுக்கு அவசரமாய்ப் போக வேண்டி வந்தது.
திறப்பை என் உள்ளங்கையில் வைத்தா,
ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸுக்கு ஓடினா.

டீசல் அடித்தேன்.
பூட்டினேன்.
இழுத்துப் பார்த்தேன், இரண்டு தரம்.
இறங்கி நாலடி நடந்துவிட்டு
திரும்ப ஏறி மூன்றாம் தரமும்,
பாலை மரத்துக்குப் பின்னால் அவர் நின்று
சிரித்துக்கொண்டு பார்ப்பதுபோல.