நேரம் அறிவிக்கப்படாது

கூட்டம் கூடக்கூடாது என்பதற்காக
வாரம் மூன்று முறை கூட்டம் கூடினோம்,
ஆளுக்கொரு சதுரத்துக்குள்.
ஆர்லாண்டோவில் பிப்ரவரி வெயில்.
ப்ரென்ட்டின் பின்னால் யாரோ மிக்ஸி போட்டார்கள்.
"மியூட்" என்றேன்.
அன்று ஒருமனதாக நிறைவேறியது அது மட்டும்தான்.

என் வேலை எண்ணுவது.
ஏரிச் சதுக்கத்தில், முன்பெல்லாம், இரவு ஒன்பதுக்கு
பதினோராயிரம் பேர்
கழுத்தை ஒரே கோணத்தில் சாய்த்து நிற்பார்கள்.
தோளில் பிள்ளை,
அப்பாவின் தலைமுடியில் பிள்ளையின் ஐஸ்கிரீம்.
ஆறடி இடைவெளி விட்டால் எத்தனை பேர் என்றார்கள்.
ஆயிரத்து நாற்பது.

ஆறடி.
எங்கள் மொழியில் அந்த அளவு
எதற்கு ஒதுக்கப்பட்டது என்று
நான் அவர்களிடம் சொல்லவில்லை.

ஊர்வலம் வேண்டாம்.
படகு நாடகம் வேண்டாம், பாடுகிறவர்கள்
முகக்கவசத்தோடு பாட முடியாது.
வாணத்துக்கு மூச்சு இல்லையே என்றான் ப்ரென்ட்.
யாரும் சிரிக்கவில்லை.
வாணவேடிக்கையில்
வாணம் பிரச்சினையில்லை, வேடிக்கைதான் பிரச்சினை
என்று சொல்ல வாயெடுத்து,
ஆங்கிலத்தில் வராமல்
"அடர்த்தி" என்று முடித்துக்கொண்டேன்.

இருளைப் பார்க்க நூற்றுமுப்பது டாலர்
யார் தருவார்கள் என்றது நிதித்துறை.
சட்டத்துறை ஒவ்வொரு வரியிலும்
"தற்போதைக்கு" என்று செருகியது.
சரி, பொத்தானை அழுத்த ஆள் யார் என்று ஒருவர் கேட்டதும்
இரண்டு சதுரங்கள் உறைந்துபோயின.
நெட்வொர்க், என்றார்கள் பிறகு.

யோலாண்டா கின்யோனெஸ்.
வெடிமேடையில் பதினேழு வருஷம்.
அக்டோபரில் கடிதம் போன இருநூற்றாறு பேரில் ஒருத்தி.
மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
மணிக்கூலிக்கு அழைத்தார்கள். சோதனை வெடிப்பு,
பூங்கா மூடியபின், ராத்திரி ஒன்றே கால்.

நான், நாலு துப்புரவாளர்கள், ஏரி வாத்துகள்.
தரையெல்லாம் மஞ்சள் பெயின்ட் வட்டங்கள்.
எல்லாமே காலி.
இருந்தாலும் ஒரு வட்டத்துக்குள் போய்த்தான் நின்றேன்.

இசை இல்லை.
முதல் வாணம் மேலே போய்
கை தூக்கலாமா வேண்டாமா என்று
சபையில் யோசிப்பவனைப் போல ஒரு நொடி தாமதித்து
பிறகு விரிந்தது.
துடைப்பங்கள் நின்றன.
வாத்துகள் மட்டும் ஆட்சேபித்தன.
ஏழு நிமிடம். எண்ண மறந்துபோனேன்.

புகை கலையுமுன் யோலாண்டா செல்போனை நீட்டினாள்,
ஆறடிக்கு அப்பாலிருந்து, கையை முழுக்க நீட்டி.
அவள் மகன் அனுப்பிய படம்:
நெடுஞ்சாலையோர மோட்டல், வார வாடகை.
வீடு விட்டுப்போனவர்கள், அவர்களும்தான்.
மேல்தளம் கீழ்த்தளம் கதவெல்லாம் திறந்து
வாசலுக்கொரு குடும்பம்,
பனியனோடு, போர்வையோடு,
யாரும் வட்டம் போடாமலே தள்ளித்தள்ளி நின்று
அண்ணாந்து.
பதினெட்டுக் கதவு.
என் கணக்கில் அவர்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை.

மறுநாள் சத்தம் பற்றி அறுபத்துமூன்று புகார்.
ஒரே ஒரு குரல் அஞ்சல், ஒரு குழந்தை:
இன்னிக்கும் உண்டா?

தீர்மானம் இப்படி வந்தது:
வாணங்கள் உண்டு. எங்கிருந்தும் தெரியும்படி உயரமாக.
நேரம் அறிவிக்கப்படாது.
தற்போதைக்கு.

யோலாண்டாவின் கூலிச் சீட்டு என் மேசைக்கு வந்தது,
மூன்று மணி நேரம் என்று.
நாலு என்று திருத்தினேன்.
எண்ணுவதுதானே என் வேலை.