நிகர எடை

எடைமேடையில் ஏறும் லாரிக்கு
நான் இரண்டு முறை எழுதுகிறேன்.
குலைகளோடு வரும்போது ஒன்று,
வெறும் வயிற்றோடு திரும்பும்போது ஒன்று.
இடையில் உள்ளதுதான் ஆலைக்குச் சொந்தம்.
பத்து கிலோ உதைத்தாலும்
தவ்கே என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

என் சொந்தக் காடியில் கணக்கு உதைத்தது.
மார்ச் மூன்றாம் தேதி
மூன்றேகால் லிட்டர் புது ஆயில்.
ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை,
அளவுக்கம்பியின் கீழ்க்கோட்டுக்கும் கீழே
ஒரு கறுத்த நுனி, அவ்வளவுதான்.
ஒரு லிட்டர் எங்கே?

லாபிஸில் எண்ணெய்க்கா பஞ்சம்?
ஆலைப் புகைக்கூண்டு இரவெல்லாம் விழித்திருக்கும்.
டாங்கி லாரிகள் சாலை ஓரம் வரிசை கட்டும்.
துவைத்த சட்டையிலும் செம்பனை வாடை.
என் வீரா மட்டும்
யாருக்கும் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தது.

முதலில் தரையில் தேடினேன்.
மைலோ அட்டைப்பெட்டியைப் பிரித்து
எஞ்சினுக்கு அடியில் விரித்து வைத்தேன்.
விடிந்து பார்த்தால்
ஒரு பல்லி எச்சம். வேறு கறையில்லை.

ஸ்டேஷன் ரோட்டுப் பட்டறைக்காரன்
பானெட்டைத் திறக்கவே இல்லை.
"ஓவர்ஹால். மூவாயிரத்து இருநூறு வெள்ளி."
என் ஒன்றரை மாதச் சம்பளம்.
கணவர் சொன்னார்:
"பழைய காடி, குடிக்கத்தான் செய்யும்."
அவருக்குத் தெரியாதா.

கோகிலவாணி வேறு மாதிரி.
"ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்கக்கா.
காலையில முதல் ஸ்டார்ட்ட நான் பாக்கணும்."
எனக்குச் சட்டென்று புரிந்தது.
பாட்டிலைத் தேடிப் பயனில்லை,
காலையின் முதல் மூச்சில் எல்லாம் இருக்கும்.
பதினான்கு வருடமாக
நானும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறேன்.

ஏழு மணி. சாவியைத் திருப்பியதும்
நீலமாய் ஒரு பந்து வெளியே உருண்டு
எதிரே இருந்த செம்பனை மட்டையில் தங்கிக் கலைந்தது.
அப்புறம் சுத்தம்.
அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் ஓட்டம்.

சுண்டுவிரல் அளவு வால்வு ஒன்றைக் கழற்றிக்
காதோரம் குலுக்கினாள். சத்தமில்லை.
"உள்ள பிசினாயிருக்கு. இதுவே முப்பது வெள்ளிதான்.
ஆனா இது மட்டும் இல்ல."
நான்கு பிளக்குகளையும் வரிசையாக வைத்தாள்,
மூன்றாவதின் நுனியில் கருகிய பாகு.
அழுத்தமானியைத் துளைக்குத் துளை திருகிச்
சுவரில் சாக்குக்கட்டியால் எழுதினாள்:
நூற்றெழுபது, நூற்று அறுபத்தெட்டு,
நூற்று அறுபத்தைந்து, நூற்றெழுபது.
எண்கள் என் தொழில். இவை பொய் சொல்லவில்லை.
"ரிங் நல்லாருக்கு. மூவாயிரம் வேணாம்.
மேலருந்து இறங்குது."

துணி காயப்போடும் நைலான் கயிற்றைப்
பிளக் துளை வழியே உள்ளே ஊட்டினாள்,
ஒரு முழம் வெளியே விட்டு.
பிஸ்டன் மேலேறிக் கயிற்றை நெருக்க,
கயிறு வால்வுகளைத் தாங்கிக்கொண்டது.
இனி ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் விழாது.
தலையைத் தூக்காமலே தலைக்குள் வேலை.

பன்னிரண்டு சீல், சுண்டைக்காய் அளவு.
பழையதையெல்லாம் என் உள்ளங்கையில் கொட்டினாள்.
நகம் பட்டதும் கடலைத்தோல்போல் நொறுங்கியது.
கித்தா மரங்களை வெட்டி முப்பது வருடமான ஊரில்
கடைசிக் கித்தா இதுதான்போல என்றேன்.
"இது செயற்கைக்கா" என்றாள் நிமிராமல்.

எல்லாம் சேர்த்து நானூற்றிருபது வெள்ளி.
ஆயிரம் கிலோமீட்டர் கழித்துக் கம்பியை உருவினேன்.
மேல்கோட்டுக்கு ஒரு நெல்மணி கீழே.
அந்த நெல்மணியையும் நோட்டில் எழுதினேன்.
வயதான எஞ்சின், கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்,
கணக்கில் வந்தால் போதும் என்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை.
சாவியைத் திருப்பிக் கண்ணாடியில் பின்னால் பார்க்கிறேன்.
நீலமில்லை.
எஞ்சினை அணைத்ததும் கேட்கிறது,
வீட்டுக்குள் அவர் பல் துலக்கும் சத்தம்,
வழக்கத்தைவிட நீளமாக.