நார்

காதுக் கருவிக்குள் டாக்டர் லெபிக் இருமுகிறார்.
மிதியைக் காலால் அழுத்தினால் பேசுவார்,
காலை எடுத்தால் பாதிச் சொல்லில் நின்றுவிடுவார்.
பதினேழு வருடமாய் அவரை
இப்படித்தான் ஆட்டி வைக்கிறேன்,
தார்த்து மருத்துவமனையின் அடித்தளத்தில்,
தலைக்கு மேலே ஜன்னலில்
பூட்ஸுகள் மட்டும் போய்வரும் அறையில்.

"ஆண். ஐம்பத்தெட்டு. சிறுநீரகம் செயலிழந்தது.
இதய உறையைத் திறக்கிறேன்."
குழாயில் தண்ணீர் விழுகிறது. தட்டு நகர்கிறது.
"இரு பரப்பிலும் ஃபைப்ரின். மஞ்சள். சொரசொரப்பு.
வெண்ணெய் தடவிய ரெண்டு ரொட்டியை
ஒட்டிப் பிரித்த மாதிரி...
விர்வே, அதை எழுதாதே."

எழுதவில்லை.
ஃபைப்ரின்வகை இதயவுறை அழற்சி
என்று அடித்தேன்,
நார் இல்லாத சொற்களில்.

அழற்சி என்று அடிக்கும்போதெல்லாம்
முதல் பாதியில் விரல் ஒரு கணம் தயங்கும்.
அழல். எங்கள் மொழியிலும் எரிவதிலிருந்து வந்ததுதான்.
ரஷ்யனில் அப்படி. லத்தீனில் அப்படி.
பெயர் வைத்தவர்கள்
கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை.
ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்,
சுட்டிருக்கிறது.
எங்களிடம் வந்து சேரும்போது
எல்லாம் நாலு டிகிரி.

வியாழக்கிழமை அவன் மனைவி வந்தாள்,
நார்வாவிலிருந்து, விடியுமுன் பஸ் பிடித்து.
ரிம்மா என்று கையெழுத்திட்டாள்.
கவுன்ட்டர் பெண் விடுப்பு, நான்தான் போனேன்.
மூன்று பக்கமும் மெதுவாகப் படித்தாள்,
பிறகு ஒரே சொல்லின் மேல் விரல் வைத்தாள்:
இது என்ன?

பள்ளியோடு மறந்த ரஷ்யனில் துழாவி
நூல் என்றேன்.
ரத்தம் தானே நூற்கும் நூல்.
காயம் எங்கே என்று பார்த்து
ஓடிப்போய்க் கட்டும்.

"பாவா, ஊடையா?"
அவள் முகம் மாறவே இல்லை.
ஆலை மூடும்வரை இருபத்திரண்டு வருடம்
தறியில் நின்றவளாம்.
ரெண்டும் இல்லை, ஒழுங்கே கிடையாது,
கண்டபடி பின்னிக்கொள்ளும் என்றேன்.
"அப்போ நெசவே இல்லை அது.
கம்பளிப் பூட்ஸ் செய்வார்களே, அந்த மாதிரி.
தேய்க்கத் தேய்க்க இறுகிக்கொள்ளும்.
பிரிக்க வராது."
டாக்டர் லெபிக்குக்கு இது தெரியுமா என்று
யோசித்துக்கொண்டிருந்தேன், அதற்குள் அவள்:

"எனக்குக் கேட்டது.
ராத்திரி அவனால் படுக்க முடியாது,
மேசையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான்.
முதுகுப் பக்கம் காது வைத்தால் ஒன்றும் இருக்காது.
முன்னால், இடது ஓரம், வைத்தால்
புதுப் பனியில் யாரோ நடக்கிற சத்தம்.
வீட்டுக்கு வருகிற மாதிரியும் இல்லை,
போகிற மாதிரியும் இல்லை.
திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன்.
குழாய் வைத்துப் பார்த்தார். அன்றைக்கு அது இல்லை.
இதில் இருக்கிறதா?"

பார்த்தேன், நானே அடித்ததை.
எடை நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
நிறம். தடிமன்.
சத்தத்துக்கு எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை.
இல்லை என்றேன்.

பேனா கேட்டாள்.
முத்திரை விழுந்த தாளில்
யாரும் எதையும் சேர்க்கக் கூடாது.
ஜன்னலில் போகும் பூட்ஸுகளை
எண்ணிக்கொண்டிருந்தேன்,
அவள் எழுதி முடிக்கிறவரை.
வெனியமின் என்ற அவன் பெயர் கண்ணில் பட்டது,
மற்றது படவில்லை.
பேனாவைத் திருப்பித் தர மறந்து போனாள்.

ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தேன்.
கறுப்பு ரொட்டி, ரெண்டு துண்டு,
காலையில் நானே ஒட்டி வைத்தது.
பிரித்தேன்.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
வெண்ணெய் சின்னச் சின்ன முனைகளாய் எழும்பி நின்றது.
பசிதான்.
மூடித் தின்றுவிட்டு
மிதியில் காலை வைத்தேன்.
அவர் இருமினார்.